சொல்லும் விலையும் சொல்லின் விலையும்



சந்தை என்பது பொருளும் பணமும் கைமாறும் இடம் மட்டுமன்று. சொல் கைமாறும் இடமும் அதுவே. விற்பவரின் சொல்லை நம்பித்தான் வாங்குபவர் பணப்பையைத் திறக்கிறார். கடைத்தெருவில் அந்தச் சொல் பொய்த்தால் கண் அதைத் திருத்திவிடும். கை தொட்டுப் பார்த்துத் தெளிந்துகொள்ளும். இணையச் சந்தையில் கண்ணுக்கு இரண்டு மங்கலான படங்கள்தாம் கிடைக்கின்றன. கைக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. அங்கே சொல்லையே பொருளாகக் கருதி விலை கொடுக்கிறோம். அந்தச் சொல் கெட்டுப்போனால் சந்தையே கெட்டுப்போனதாகத்தான் பொருள்.

இதற்குச் சான்றாக ஒரு சிறிய சந்தையை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் மாதிரி ரயில்கள் இணைய ஏலத் தளங்களில் விற்கப்படும் முறையே அது. விளையாட்டுப் பொருளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். உயிர்காக்கும் மருந்தையோ உணவையோ விற்பவரைக் கண்காணிக்கச் சட்டமும் அதிகாரிகளும் உண்டு. ஒரு பழைய பொம்மை ரயிலை விற்பவரைக் கண்காணிக்க அவருடைய மனச்சாட்சியைத் தவிர யாருமில்லை. அதனால்தான் நோய் இங்கே மறைப்பின்றித் தெரிகிறது.

பொருளின் வரலாறு

லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் தம் கட்டுமான விளையாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று உலகப் புகழ் பெற்றது. அவருடைய நிறுவனம் 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களை வெளியிட்டது. 1938-இல் சிறிய அளவிலான ஹார்ன்பி டப்லோ வரிசையைத் தொடங்கியது. 1964-இல் அந்நிறுவனம் ட்ரையாங் பொம்மைகளைச் செய்த லைன்ஸ் சகோதரர்களின் கைக்கு மாறியது. 1971-இல் லைன்ஸ் சகோதரர்களின் குழுமமும் வீழ்ந்தது. ஆனால் ஹார்ன்பி என்ற பெயர் நின்றது. கென்ட் மாவட்டத்தின் மார்கேட் நகரத் தொழிற்சாலையிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ரயில்கள் புறப்பட்டு, பிறந்தநாள் பரிசாகவும் கிறிஸ்துமஸ் பரிசாகவும் வீடுகளுக்குள் நுழைந்தன.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றே. 1970-களிலும் 80-களிலும் வந்த பெரும்பாலான ஹார்ன்பி ரயில்கள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டவை. அவை அரியவை அல்ல. மேல்மாடத்து அட்டைப் பெட்டிகளில் அவை இன்றும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்கி விளையாடிய சிறுவர்கள் முதியவர்களாகிவிட்டனர். பலர் மறைந்தும் விட்டனர். ஆகவே விற்பனைக்கு வருவன பெருகுகின்றன. அவற்றைத் தேடும் கைகள் அவ்வாறு பெருகவில்லை. பொருள் மலிந்தால் விலை சரியும் என்பது சந்தையின் எளிய கணக்கு. ஆனால் ஏலத் தளத்தைத் திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. ஆனை விலை, குதிரை விலை!

விசித்திரப் பதிவுகளின் அணிவகுப்பு

அந்தப் பதிவுகளில் சிலவற்றின் இயல்பைப் பாருங்கள்.

முதலாவது, 'அரியது' என்ற சொல். கடை தோறும் விற்ற எஞ்சினுக்கும் அரியது என்ற பட்டம். அதே பக்கத்தில் அதே எஞ்சின் இன்னும் பத்துப் பேரால் விற்கப்படுகிறது. அந்தப் பத்தும் அரியவையாம்! ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற எஞ்சினின் மாதிரியை ஹார்ன்பி பல பதிப்புகளாக, பல பத்தாண்டுகளாக விற்று வந்திருக்கிறது. பிரிட்டனின் மாதிரி எஞ்சின்களில் மிகப் பரவலானவற்றுள் அதுவும் ஒன்று. அதையும் அரியது என்று எழுதத் துணிபவர் எதைத்தான் எளிதில் கிடைப்பது என்று எழுதுவார்?

இரண்டாவது, 'சோதித்துப் பார்க்கவில்லை' என்ற சொல். சோதிக்கும் வசதி இல்லை என்று பணிவோடு எழுதுகிறார்கள். ஓஓ அளவு எனப்படும் பிரிட்டிஷ் மாதிரி எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. மூலைக்கடையில் கிடைக்கும் ஒரு 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் இரு பக்கச் சக்கரங்களில் ஒரு நொடி வைத்தால் போதும். மோட்டார் சுழல்கிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும். படம் எடுக்கவும், பதிவு எழுதவும், தபால் கட்டணம் கணக்கிடவும் நேரமிருந்தவருக்கு அந்த ஒரு நொடி மட்டும் கிடைக்கவில்லையா? பல இடங்களில் இந்தச் சொல்லுக்கு உண்மைப் பொருள் 'சோதித்தேன், ஓடவில்லை' என்பதே.

மூன்றாவது, அளவு பற்றிய குழப்பம். ஓஓ அளவின் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; என் அளவுக்கு 9 மி.மீ.; ஓ அளவுக்கு 32 மி.மீ. பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் ஒன்று போதும் இவற்றைப் பிரித்தறிய. ஆயினும் ஒன்றை மற்றொன்றாக எழுதிய பதிவுகள் நாள்தோறும் வருகின்றன. இத்தாலியின் லீமாவும், ஏர்ஃபிக்ஸும், மெயின்லைனும், பாக்மனும் எல்லாமே அங்கே 'ஹார்ன்பி'தான். எஞ்சினின் அடியில் செய்தவர் பெயர் எழுத்தெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் திருப்பிப் பார்க்கவும் மனமில்லை.

நான்காவது, குறையைக் கலையாக்கும் சொல். மாதிரி ரயில் கலைஞர்கள் உண்மையான நிலக்கரிப் புகையும் துருவும் படிந்ததுபோல் நுட்பமாக வண்ணம் பூசுவார்கள். அது உழைப்பால் வரும் கலை. அந்தக் கலையின் பெயரைத் திருடி, பரணில் கிடந்து பிடித்த தூசிக்கும் ஈரத்தில் ஏறிய துருவுக்கும் சூட்டுகிறார்கள். பிள்ளை ஒன்று வீட்டுச் சுவர்ப் பூச்சை எடுத்துத் தடவிய பெட்டி 'கைவினைத் தனிப்படைப்பு' ஆகிறது.

ஐந்தாவது, கூறுபோடும் வணிகம். எஞ்சினைப் பிரித்து, உடல் ஒரு விலை, அடிச்சட்டம் ஒரு விலை, மோட்டார் ஒரு விலை, வெற்று அட்டைப் பெட்டி ஒரு விலை. பழுதுபார்ப்போருக்கு உதிரி பாகம் தேவைதான். உடைந்த எஞ்சினைப் பிரித்து விற்பதில் குற்றமில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை, கூட்டுத்தொகை கூடுகிறது என்பதற்காகக் கொன்று கூறு போடுவதை என்னவென்று சொல்வது?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு

இவர்கள் அனைவரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. நீதியாகப் பேச வேண்டுமானால் மூவரைப் பிரித்தறிய வேண்டும்.

ஒருவர், தம் பொருளை உள்ளபடி விவரித்து, அதிக விலை கேட்பவர். அவர்மீது குற்றமில்லை. பொருள் அவருடையது, விலை சொல்வது அவர் உரிமை, விருப்பமில்லாதவர் விலகிச் செல்லலாம்.

மற்றொருவர், அறியாதவர். 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தாலர் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கொரு குவளையைக் கொடுத்து, எவ்வளவுக்கு விற்பீர்கள் என்றார்கள். மற்றவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்றார்கள். சில நிமிடங்களே கையில் இருந்த அந்தக் குவளைக்கு, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கை உடையவர்கள் கேட்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதும் இதுதான். சில நிமிடக் குவளைக்கே இப்படியென்றால், தந்தை வாங்கித் தந்த ரயிலுக்கு எப்படியிருக்கும்? நினைவுக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலையை நினைவுக்கு உரியவரைத் தவிர வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். இவரை நாம் பழிக்க வேண்டாம்; கனிவோடு சொல்லித் தந்தால் போதும்.

மூன்றாமவர், அறிந்தே மறைப்பவர். பொருள் பரவலானது என்று தெரிந்தும் அரியது என்பவர். ஓடாது என்று தெரிந்தும் சோதிக்கவில்லை என்பவர். நேற்று அச்சிட்ட நகல் அட்டைப் பெட்டிக்குள் வைத்து அசல் பெட்டியுடன் என்று எழுதுபவர். நம் கண்டனம் முழுவதும் இவருக்கே.

கேட்ட விலை சந்தை விலை ஆகுமா?

இங்கேதான் பெருந்தீங்கு பிறக்கிறது. கேட்கும் விலை வேறு, போகும் விலை வேறு. ஒருவர் 300 பவுண்டு என்று எழுதி ஒரு பொருளை இரண்டாண்டு விற்காமல் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அதன் விலை 300 என்பதற்கு அது சான்றாகாது. 300-க்கு அதை வாங்க ஒருவரும் இல்லை என்பதற்கே அது சான்று. ஆனால் அந்த எண் திரையில் நிற்கிறது. அதைப் பார்ப்பவர் மனத்தில் நங்கூரம் பாய்ச்சுகிறது.

இது வெறும் கற்பனையன்று. 1974-இல் ஆமோஸ் டுவர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை உண்டு. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் நின்ற எண்ணைக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு எவ்வளவு என்று கேட்டார்கள். 10 என்ற எண்ணைக் கண்டவர்களின் மதிப்பீடு நடுவில் 25 ஆக இருந்தது; 65-ஐக் கண்டவர்களின் மதிப்பீடு 45 ஆக இருந்தது. தொடர்பே இல்லாத ஓர் எண் இவ்வளவு இழுக்குமானால், அதே பொருளின் படத்துக்குக் கீழே எழுதப்பட்ட எண் எவ்வளவு இழுக்கும்!

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? பணக்காரச் சேகரிப்பாளர் அல்லர். அவருக்கு விலை தெரியும். பாதிக்கப்படுவோர் இருவர்.

ஒருவர், புதிதாக நுழையும் சிறுவன். அவன் சேர்த்து வைத்த காசில் ஒரு ஹார்ன்பி டப்லோ எஞ்சினை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1959-இல் இரு தண்டவாள முறை வரும்வரை டப்லோ ரயில்கள் மூன்று தண்டவாள முறையில் ஓடின. அவற்றின் சக்கரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மின்காப்புச் செய்யப்படாதவை. இன்றைய இரு தண்டவாளத்தில் வைத்தால் எஞ்சின் ஓடாது, மின்சுற்றுதான் குறுக்கிடும். பதிவில் 'ஓஓ, நன்றாக இருக்கிறது' என்று மட்டும் இருந்தது. இரண்டும் பொய்யல்ல, ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று அந்தச் சிறுவனின் பணத்தைத் தின்றுவிட்டது. அவன் அந்த எஞ்சினை மட்டுமா ஒதுக்குவான்? அந்தக் கலையையே ஒதுக்கிவிடுவான்.

மற்றவர், கணவரையோ தந்தையையோ இழந்தவர். வீட்டில் ஓர் அறை நிறைய ரயில்கள். விலை அறிய ஏலத் தளத்தைத் திறக்கிறார். அங்கே வானத்தைத் தொடும் எண்கள். நேர்மையான ஒரு வணிகர் வந்து நியாயமான தொகை சொன்னால், இவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று கதவைச் சாத்திவிடுகிறார். மாதங்கள் செல்கின்றன, பொருள் போகவில்லை. 1930-களின் வார்ப்பு உலோகமாக இருந்தால் ஈயக் கலப்பினால் துத்தநாகம் வெடித்து உதிரும் நோயும் அதற்குள் இருக்கலாம். அதற்கு மருந்தே இல்லை. கடைசியில் வீட்டைக் காலி செய்யும் நாளில் எல்லாமே கிடைத்த விலைக்குப் போகின்றன. யாரோ ஒருவர் பேராசையில் எழுதிய எண், முகமறியாத ஒரு கைம்பெண்ணின் கைக்கு வரவேண்டிய நியாயமான தொகையைத் தட்டிப் பறித்துவிட்டது. இதை யார் கணக்கில் எழுதுவது?

'விருப்பமிருந்தால் வாங்கட்டுமே!'

கட்டற்ற சந்தையில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது இவர்களின் வாதம். இந்த வாதம் விலைக்குப் பொருந்தும், சொல்லுக்குப் பொருந்தாது. வாங்குபவரின் சம்மதம், அவருக்குச் சொல்லப்பட்டதன்மீது எழுந்தது. சொன்னது பொய்யானால் அந்தச் சம்மதமும் பொய்யே. கண்ணைக் கட்டிவிட்டு, அவராகத்தான் நடந்தார் என்று சொல்வது வாதமாகாது.

ஏலத்தின் பெயரால் நடக்கும் மற்றொரு கேட்டையும் சொல்ல வேண்டும். விற்பவரே வேறு பெயரிலோ நண்பர்களைக் கொண்டோ, வாங்கும் எண்ணமின்றி ஏலம் கேட்டு விலையேற்றுவது. நம் மார்க்க நூல்கள் இதனை நஜ்ஷ் என்று பெயர் சுட்டித் தடுத்திருக்கின்றன என்பது வாசகர்கள் அறிந்ததே. பொருளின் குறையை மறைத்து விற்பதும் அவ்வாறே தடுக்கப்பட்டது. இது ஒரு சமூகத்தாரின் கண்டிப்பு மட்டுமன்று. 2010-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நீதிமன்றம், இணைய ஏலத்தில் தம் பொருளுக்குத் தாமே ஏலம் கேட்டு விலையேற்றிய ஒருவரைக் குற்றவாளி என்று தண்டித்தது. மனச்சாட்சி சொன்னதைச் சட்டமும் சொன்னது.

தளத்தின் பொறுப்பு

ஊர் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொன்னதும் கதை முடிந்தது. விலை பொய்யானால் பொருள் அங்கேயே நின்றுவிடும், ஊரே பார்க்கும். ஈபே போன்ற தளங்களில் ஏலத்தோடு நிலைவிலைப் பதிவும் உண்டு. அப்பதிவு, விற்பவர் நீக்கும்வரை மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்படுகிறது. மூன்றாம் தரம் என்பதே அங்கே இல்லை. நாணமின்றி ஒரு பொய் விலை ஆண்டுக்கணக்கில் நிற்க அது இடம் தருகிறது.

விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அத்தளத்திலேயே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது வடிகட்டிகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. கேட்கும் விலையோ முகப்பில் மின்னுகிறது. பேரம் பேசிக் குறைத்து வாங்கிய இடங்களில், கேட்ட விலையின் மேல் ஒரு கோடு இழுக்கப்படுகிறதே ஒழிய, உண்மையில் போன விலை பல நேரங்களில் வெளிப்படுவதில்லை. போன விலையை முகப்பில் வைத்துப் பாருங்கள். பாதிப் பொய்கள் ஒரே வாரத்தில் உதிரும். முடியாத காரியமா அது? மனமிருந்தால் முடியும்.

அத்தளத்தின் தோற்றக் கதையே இதற்குச் சாட்சி. 1995-இல் அதைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் முதன்முதலாக விற்றது, உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி. 14.83 டாலருக்கு அது போயிற்று. அது உடைந்தது என்று தெரியும்தானே என்று அவர் வாங்கியவரிடம் கேட்டதாகவும், தாம் உடைந்த சுட்டுக்கருவிகளைச் சேகரிப்பவர் என்று அவர் பதில் சொன்னதாகவும் வரலாறு. உடைந்த பொருளையும் உடைந்தது என்று சொல்லியே விற்க முடியும். அதற்கும் வாங்குபவர் உண்டு. அந்த முதல் விற்பனையின் நேர்மையை அந்தச் சந்தை இன்று ஒவ்வொரு பதிவிலும் கேட்டு வாங்க வேண்டாமா?

சிரிப்பவர்களுக்கும் ஒரு சொல்

அறிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? விசித்திரப் பதிவுகளைக் கண்டு சிரிக்கிறார்கள். பெட்டி தலைகீழாக நிற்கும் படத்தையும், எஞ்சினுக்குப் பின்னால் வேறொரு எஞ்சினின் நிலக்கரி வண்டி மாட்டியிருப்பதையும் ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறார்கள். சிரிப்பதற்குச் செலவில்லை, ஆனால் அதனால் ஒரு பதிவும் திருந்தியதில்லை. 'ஐயா, இது மூன்று தண்டவாள எஞ்சின். அதைப் பதிவில் சேர்த்துவிடுங்கள்' என்று இரண்டு வரி எழுதினால், அறியாதவர் திருந்துவார். அறிந்து மறைப்பவரோ, தம்மைக் கவனிக்கும் கண் ஒன்று உண்டு என்று அறிவார். அறிவு கைவசம் இருந்தும் ஒருவர் இழப்பதை வேடிக்கை பார்ப்பது, அந்த இழப்பில் பங்கு கொள்வதே.

வாங்குபவர்களுக்கும் கடமை உண்டு. கேட்ட விலையைப் பார்க்காதீர்கள். விற்ற விலையைப் பாருங்கள். வெக்டிஸ் போன்ற, பொம்மைகளுக்கென்றே உள்ள ஏல நிறுவனங்கள் தம் ஏல முடிவுகளை வெளியிடுகின்றன, அவற்றோடு ஒப்பிடுங்கள். அடிப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். சக்கரங்கள் சுழலும் காணொளியைக் கேளுங்கள். கேட்டும் தராதவரிடம் வாங்காதீர்கள். வரம்பிட்ட எண்ணிக்கை என்ற சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள். எண்ணிக்கை குறைந்ததெல்லாம் விலை உயர்ந்ததன்று. தேடுவோர் இல்லாத அருமைக்குச் சந்தையில் இடமில்லை.

விற்கும் சகோதரர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. ஒரு பேட்டரி, ஓர் அளவுகோல், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு கணம், இவ்வளவே. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். குறையை முதல் வரியில் எழுதுங்கள். கடைசி வரியில் ஒளிக்காதீர்கள். அதன்பின் எந்த விலையும் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ரயில் சிறியது, எழுபத்தாறில் ஒரு பங்கு அளவே. பொய்யை அப்படிச் சிறிதாக்கி விற்க முடியாது. பொம்மையில் பழகிய நாக்கு நாளை வீட்டையும் வாகனத்தையும் விற்கும்போது தடுமாறாமல் பொய் சொல்லும். பொம்மையில் உண்மை பேசிப் பழகியவரிடம் ஊர் தன் பொன்னையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கும். விற்ற பொருள் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுகிறது; வந்த பணமும் செலவாகிவிடுகிறது. எழுதிய சொல் மட்டும் எழுதியவர் பெயரில் நிற்கிறது.